ஓர் எழுத்தாளரின் கதைகளிலிருந்து இசைத்தொகுப்பு உருவாக்குதல்: முழுமையான வழிகாட்டி

அமெரிக்க எழுத்தாளர் உர்சுலா கே. லெ குவினின் ‘ஆல்வேஸ் கமிங் ஹோம்’ என்ற நாவல் 1985இல் வெளிவந்தபோது, புத்தகத்துடன் ஒரு கேசட்டும் ஒரே பெட்டியில் வைத்து விற்கப்பட்டது. கேசட்டின் பெயர் ‘மியூசிக் அண்ட் பொயட்ரி ஆஃப் தி கேஷ்’. வெகு தொலைவான எதிர்காலத்தில் வட கலிஃபோர்னியப் பள்ளத்தாக்கு ஒன்றில் வாழப்போகிற கேஷ் என்னும் கற்பனை மக்களின் பாடல்களும் கவிதைகளும் அதில் இருந்தன. ஒரேகன் மாநிலத்தின் ஆஷ்லாந்தில் ஷேக்ஸ்பியர் நாடக விழாவுக்கு இசையமைத்துவந்த டாட் பார்ட்டன் அதற்கு இசையமைத்தார். நாவலைப் படித்தவர்களிலேயே பலர் கேட்டிராத அந்தத் தொகுப்பு, 2018இல் இசைத்தட்டாக மறுவெளியீடு கண்ட பிறகுதான் பரவலாகப் பேசப்பட்டது.

கதைகளிலிருந்து இசை உருவாக்க விரும்புகிறவர்களுக்குப் பெரும் பொருட்செலவில் வெளிவந்த புகழ்பெற்ற தொகுப்புகளைவிட இது போன்ற அறியப்படாத படைப்புகளே நல்ல பாடமாக அமையும் என்பது என் கருத்து. அவை சிலரே கூடிச் செய்தவை என்பதால் ஒவ்வொரு முடிவும் ஏன் எடுக்கப்பட்டது என்பது வெளிப்படையாகத் தெரிகிறது. இந்த வழிகாட்டி கேஷ் கேசட்டை முதன்மை எடுத்துக்காட்டாகக் கொண்டு, வேறு மூன்று தொகுப்புகளைத் துணைக்கு அழைத்துக்கொள்கிறது. உங்களிடம் இரண்டு மூன்று இசைக்கலைஞர்களும், ஓர் அறையும், ஒரு கணினியும், ஓரளவு பணமும் இருப்பதாக வைத்துக்கொள்கிறேன்.

முதல் படி: இசைக்கு என்ன வேலை என்று முடிவு செய்தல்

மெட்டு போடுவதற்கு முன்னரே தீர்மானிக்க வேண்டியது இது. கதைக்கும் இசைக்கும் உள்ள உறவு பல வகைப்படும். வகைக்கு ஏற்பச் செலவும் ஆள்பலமும் உரிமைச் சிக்கலும் மாறும்.

கதையை அப்படியே சொல்லிச் செல்வது ஒரு வகை. ஆங்கிலேயக் கீபோர்டு கலைஞர் ரிக் வேக்மன், ஜூல் வெர்னின் பாதாளப் பயண நாவலை 1974 ஜனவரி 18 அன்று லண்டன் ராயல் ஃபெஸ்டிவல் ஹாலில் லண்டன் சிம்ஃபொனி இசைக்குழுவும் பாடகர் குழுவும் சூழ நேரடி நிகழ்ச்சியாகப் பதிவு செய்தார். நடிகர் டேவிட் ஹெம்மிங்ஸ் கதைசொல்லியாக இருந்தார். இந்த வகைக்குக் கதையை இடையிடையே நகர்த்தித் தர ஒரு குரல் தேவைப்படுகிறது. அந்தக் குரல் இசையை இடைமறித்துக்கொண்டே இருக்கும்.

ஒரு கதைக்கு ஒரு பாடல் என்று எடுத்துக்கொள்வது இன்னொரு வகை. எட்கர் ஆலன் போவின் கதைகளையும் கவிதைகளையும் கொண்டு ஆலன் பார்சன்ஸும் எரிக் வுல்ஃப்சனும் 1976இல் வெளியிட்ட ‘டேல்ஸ் ஆஃப் மிஸ்டரி அண்ட் இமேஜினேஷன்’ இதற்கு எடுத்துக்காட்டு. மூன்றாவது வகையில் சொற்களே இருப்பதில்லை. ஸ்வீடன் நாட்டு ஆர்கன் கலைஞர் பூ ஹான்சன், டோல்கீனின் மோதிரக் கதையை வைத்து 1970இல் முழுக்க முழுக்கக் கருவியிசையாகவே ஒரு தொகுப்பு செய்தார்.

நான்காவது வகைதான் கேஷ் கேசட். அது கதையைச் சொல்லவில்லை. கதைக்குள் வாழும் மக்கள் பாடியதைக் கொண்டுவந்து தருகிறது. களப்பணிக்குச் சென்ற ஆய்வாளர் ஒருவர் பதிவு செய்துவந்ததைப் போன்ற பாவனை அதற்கு இருக்கிறது. லெ குவினின் தந்தை ஆல்ஃபிரட் குரோபர் மானிடவியலாளர். கலிஃபோர்னியப் பழங்குடியான யாஹி இனத்தின் கடைசி மனிதராக அறியப்பட்ட இஷியின் பாட்டும் பேச்சும் 1911 முதல் 1914 வரை மெழுகு உருளைகளில் பதிவு செய்யப்பட்டபோது அந்தப் பணியில் முன்னின்றவர் அவர். அந்த வீட்டில் வளர்ந்த மகள், இனிமேல்தான் பிறக்கப்போகிற ஒரு மக்கள் கூட்டத்தின் பாடல்களைச் ‘சேகரிக்க’ முனைந்தது தற்செயலாக இருக்க முடியாது.

முதன்முறை முயல்கிறவர்களுக்கு நான் பரிந்துரைப்பது மூன்றாவது அல்லது நான்காவது வகையை. கதை தன் வேலையை ஏற்கெனவே காகிதத்தில் முடித்துவிட்டது. அதையே இசை திரும்பச் செய்யும்போது, புத்தகம் படித்தவருக்குச் சலிப்பும் படிக்காதவருக்குக் குழப்பமும் மிஞ்சுகின்றன. அச்சில் கேட்க முடியாத எதைக் கேட்கச் செய்யப்போகிறீர்கள் என்பதை ஒரே வாக்கியத்தில் எழுதிச் சுவரில் ஒட்டிவிட்டு அடுத்த படிக்குச் செல்லுங்கள்.

இரண்டாம் படி: உரிமை

மேலே சொன்ன தொகுப்புகளில் உரிமையின் நிலை வெவ்வேறு விதமாக இருப்பதைக் கவனிக்கலாம். போ 1849இலேயே மறைந்தவர். அவர் படைப்பைப் பயன்படுத்த யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை. டோல்கீன் 1973 வரை வாழ்ந்தார். ஹான்சனின் தொகுப்பு ஸ்வீடனுக்கு வெளியே போனபோது ‘டோல்கீன் கதையால் தூண்டப்பட்ட இசை’ என்ற பொருள்படும் தலைப்பையே தாங்கியிருந்தது. லெ குவின் தாமே பங்காளியாக இருந்தார்; நாவலின் முகப்புப் பக்கத்தில் எழுத்தாளரின் பெயரோடு இசையமைப்பாளர், ஓவியர் ஆகியோரின் பெயர்களும் இடம்பெற்றிருந்தன.

இந்தியச் சட்டப்படி, எழுத்தாளர் மறைந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டின் தொடக்கத்திலிருந்து 60 ஆண்டுகளுக்குப் பதிப்புரிமை நீடிக்கிறது. 1948இல் மறைந்த புதுமைப்பித்தனின் கதைகளை இன்று எவரும் பயன்படுத்தலாம். ஆனால் வெளிநாட்டுக் கதை ஒன்றின் தமிழ் மொழிபெயர்ப்பிலிருந்து வரிகளை எடுப்பதானால், மூலம் பொதுவுடைமையாகிவிட்டாலும் மொழிபெயர்ப்பாளரின் உரிமை தனியாக நிற்கும். இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

வாழும் எழுத்தாளரிடமோ வாரிசுகளிடமோ வாய்மொழிச் சம்மதம் மட்டும் பெற்றுக்கொண்டு வேலையைத் தொடங்காதீர்கள். எந்தெந்தக் கதைகள், வரிகளை அப்படியே பாடலாமா, இணையத்திலும் இசைத்தட்டிலும் வெளியிடலாமா, திரைப்படத்துக்குக் கொடுத்தால் பங்கு எவ்வளவு என்பவற்றை எழுத்தில் பெறுங்கள். காலத்தையும் நிலப்பரப்பையும் குறிப்பிடுவது மிக முக்கியம். பதிப்புரிமைச் சட்டத்தின் 19ஆம் பிரிவுப்படி, உரிமை மாற்ற ஒப்பந்தத்தில் காலம் குறிக்கப்படாவிட்டால் ஐந்தாண்டு என்றும், இடம் குறிக்கப்படாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்றும் கொள்ளப்படும். இணையத்தில் ஏற்றிய நொடியிலேயே பாட்டு நாட்டைக் கடந்துவிடுகிறது என்பதால், ‘உலகம் முழுவதும்’ என்ற சொல் இல்லாத ஒப்பந்தம் உங்களுக்குப் பெரிதாக உதவாது.

மூன்றாம் படி: காதால் வாசித்தல்

இந்தப் படிக்குத்தான் அதிக நாள் ஒதுக்க வேண்டும். தேர்ந்தெடுத்த கதைகளைப் பென்சிலோடு மறுபடி வாசித்து, எழுத்தாளர் ஒலியைக் குறிப்பிடும் இடங்களை மட்டும் கோடிடுங்கள். கதைமாந்தரின் குரல், கதவு, மழை, பாத்திரம், நடை, மூச்சு என எதையும் விடவேண்டாம். நல்ல எழுத்தாளர்கள் தங்களை அறியாமலேயே இசையமைப்பாளருக்குக் குறிப்பு எழுதி வைத்திருக்கிறார்கள்.

போவின் ‘அஷர் குடும்பத்து வீட்டின் வீழ்ச்சி’யை எடுத்துக்கொள்வோம். அதில் வரும் ராடரிக் அஷருக்குப் புலன்கள் எல்லாம் நோயால் கூர்மையடைந்திருக்கின்றன. சிலவகை ஒலிகளைத் தவிர மற்ற எதையும் அவனால் தாங்க முடியவில்லை. தாங்க முடிந்த அந்த ஒலிகள் தந்திக் கருவிகளிலிருந்து எழுபவை. அவன் கித்தார் வாசித்தபடி தானே கட்டிய பாட்டைப் பாடுகிறான். எந்தக் கருவி இருக்க வேண்டும், எவை இருக்கக் கூடாது என்பதை ஆசிரியரே சொல்லிவிட்டார். கதையின் இறுதியில் புயல் இரவில் நண்பன் ஒரு பழங்கதையை உரக்க வாசிக்கிறான். அந்தக் கதையில் மரக்கதவு உடையும்போது இந்த வீட்டின் எங்கோ ஒரு மூலையிலும் மரம் பிளக்கும் ஒலி கேட்கிறது. அதில் பூதநாகம் அலறும்போது இங்கும் ஓர் அலறல். அதில் கேடயம் விழும்போது இங்கும் உலோகம் அதிர்கிறது. வாசிக்கும் குரல் ஒன்று, அதற்குப் பின்னால் சற்றுத் தாமதமாக வரும் ஒலிகள் மூன்று. இதைவிடத் தெளிவான இசைக்குறிப்பை எந்த இயக்குநரும் எழுதித் தரமாட்டார்.

அதே எழுத்தாளரின் ‘காட்டிக்கொடுக்கும் இதயம்’ கதையில் கொலைகாரனுக்குக் கேட்கும் துடிப்பு, பஞ்சில் பொதிந்த கடிகாரத்தின் ஒலி போன்று தாழ்ந்தும் மந்தமாகவும் விரைவாகவும் இருந்ததாக எழுதப்பட்டிருக்கிறது. துடிப்பு என்றதும் பெரிய முரசை அடிப்பதுதான் பொதுவழக்கம். வரியை உன்னித்து வாசித்தவர் முரசை ஒதுக்கிவிட்டு, ஒரு கைக்கடிகாரத்தைத் துணியில் சுற்றி மைக்கின் அருகில் வைத்துப் பதிவு செய்து பார்ப்பார்.

கோடிட்டவற்றை ஒரு தாளில் மூன்று பத்திகளாக எழுதுங்கள்: வரி உள்ள பக்கம், ஒலி, அதை உண்டாக்கக்கூடிய பொருள் அல்லது கருவி. பத்துக் கதைகளைப் படித்தும் ஒலிக் குறிப்புகள் மிகச் சிலவே தேறினால், அந்த எழுத்தாளர் கண்ணால் எழுதுகிறவர் என்று பொருள்; அவர் கதைகளுக்கு மூன்றாம் வகைத் தொகுப்பே ஏற்றது.

ஒலியோடு எண்களையும் கவனியுங்கள். கேஷ் மக்களின் உலகம் மண்ணின் ஐந்து வீடுகளாலும் வானின் நான்கு வீடுகளாலும் ஆனது. நான்கும் ஐந்தும் ஒன்பதும் அவர்கள் வாழ்க்கை முழுவதும் வந்துபோகின்றன. இப்படி ஓர் எண் கதையில் கிடைத்துவிட்டால் தாளத்துக்கு வெளியே எங்கும் தேட வேண்டியதில்லை.

நான்காம் படி: பாடல் வரிகள்

நான்காவது வகையைத் தேர்ந்தெடுத்தவருக்கு உடனே எழும் கேள்வி, கதைக்குள் இருக்கும் மக்கள் எந்த மொழியில் பாடுவார்கள் என்பது. கேஷ் பாடல்கள் ஆங்கிலத்தில் இல்லை. லெ குவின் அவர்களுக்கென்றே சொற்களும் எழுத்துகளும் உருவாக்கினார், பாட்டுகள் அந்த மொழியிலேயே பாடப்பட்டன. கேட்பவருக்கு ஒரு சொல்லும் புரியாது. ஆனால் தாலாட்டு தாலாட்டு என்று புரிகிறது. எல்லாரும் மொழியையே படைக்க வேண்டியதில்லை. கதை நடக்கும் வட்டாரத்தின் பேச்சை விட்டு விலகிப் பொதுத்தமிழ்ப் பாட்டு எழுதாமல் இருந்தாலே போதுமானது.

எழுத்தாளரின் உரைநடை வரியை அப்படியே மெட்டில் ஏற்ற நினைப்பவர்கள் தமிழின் குறில் நெடில் கணக்கை மறக்கக் கூடாது. நீண்ட சுரம் நெடிலின் மேல் விழ வேண்டும். குறிலை இழுத்தால் சொல்லே மாறிப்போகும். ‘மலை’யை இழுத்துப் பாடினால் ‘மாலை’ என்று கேட்கும். ‘பல்’ ‘பால்’ ஆகிவிடும். திரைப்பாட்டில் சூழலை வைத்துச் சமாளித்துக்கொள்ளலாம். கதை வரியில், அதுவும் வாசகர்களுக்கு மனப்பாடமான வரியில், அது உடனே உறுத்தும். ஆகவே வரியை முதலில் வாய்விட்டு இயல்பாகப் பலமுறை சொல்லி, எந்த அசையில் குரல் தானாக நிற்கிறது என்று குறித்துக்கொண்டு, அங்கேயே சுரத்தை நிறுத்துங்கள். கதையின் வருணனைப் பகுதிகளைவிட உரையாடல்கள் மெட்டுக்கு எளிதில் வளைந்துகொடுக்கும். அவை ஏற்கெனவே மூச்சின் அளவில் எழுதப்பட்டவை.

ஒரு கதையின் சுருக்கத்தை வெண்பாவாகவோ விருத்தமாகவோ எழுதி அதைப் பாடுவதை மட்டும் தவிர்த்துவிடுங்கள். கதையைப் பாதி சொல்லி, பாட்டையும் பாதியாக்குவது அது.

ஐந்தாம் படி: கருவிகள்

இன்றைய கணினியில் ஆயிரம் கருவிகளின் ஒலி இருக்கிறது. அதனாலேயே பல தொகுப்புகள் ஒன்று போலவே ஒலிக்கின்றன. மொத்தத் தொகுப்புக்கும் ஐந்து கருவிகளுக்கு மேல் வேண்டாம் என்று தொடக்கத்திலேயே விதி வகுத்துக்கொள்ளுங்கள். ஹான்சனின் தொகுப்பு அவருடைய ஆர்கனைச் சுற்றியே கட்டப்பட்டது. டிரம்ஸ், சாக்ஸஃபோன், புல்லாங்குழல் ஆகியன அளவாகச் சேர்ந்தன. அந்த வறுமையே அதற்கு ஒரே நிறத்தைக் கொடுத்தது.

கேஷ் கேசட்டில் இதற்கு நேர்மாறான ஒரு துணிச்சல் உண்டு. நாவலின் பிற்பகுதியில் கேஷ் மக்களின் இசைக்கருவிகள் ஓர் இனவரைவியல் நூலில் வருவது போலவே விவரிக்கப்பட்டிருக்கின்றன. ஏழடி நீளமுள்ள ஹூம்பூட்டா என்னும் கொம்பும், எலும்பில் செய்த குழலும் அவற்றுள் அடங்கும். உலகில் எங்குமே இல்லாத அந்தக் கருவிகளைப் பார்ட்டன் செய்து பார்த்து அவற்றுக்காகவே இசை எழுதினார். உங்கள் கதையில் ஒரு கருவி வருமானால், அது உண்மையானதோ கற்பனையோ, அதைத் தேடிப் பிடிப்பதற்கோ செய்து பார்ப்பதற்கோ செலவிடும் பணம் வீண்போகாது.

ஆறாம் படி: வரிசையும் தலைப்பும்

கதைகள் வெளியான ஆண்டு வரிசையில் பாடல்களை அடுக்க வேண்டியதில்லை. பார்சன்ஸ் இசைத்தட்டின் இரண்டாம் பக்கத்தின் பெரும்பகுதியை அஷர் வீட்டுக் கதையே, சுமார் பதினாறு நிமிடம் நீளும் ஐந்து பகுதிகளாக, எடுத்துக்கொண்டது; மற்ற கதைகள் முதல் பக்கத்தில் தனிப்பாடல்களாக நெருக்கியடித்து நின்றன. இந்தச் சமமின்மை சரியானது. எந்தக் கதை உங்களை அதிகம் ஆட்டியதோ அதற்கே அதிக நேரம் கொடுங்கள். மொத்தம் நாற்பது நிமிடத்தைத் தாண்டாமல் இருப்பது நல்லது. பின்னாளில் இசைத்தட்டாக வெளியிட நேர்ந்தால் பக்கத்துக்கு இருபது நிமிடம் என்பது ஒலியின் தரம் குறையாத அளவு.

கருவியிசைத் தொகுப்பில் கதை தங்கும் ஒரே இடம் தலைப்புதான். ஹான்சன் பன்னிரண்டு பகுதிகளுக்கும் நாவலின் அத்தியாயப் பெயர்களையும் இடப்பெயர்களையும் சூட்டினார்; கதை தெரிந்தவர் பட்டியலைப் பார்த்தாலே பயணத்தின் திசை விளங்கிவிடுகிறது. ‘சோகம்’, ‘ஏக்கம்’ என்பன போன்ற பொதுப்பெயர்களை வைத்தால் இந்த வாய்ப்பு வீணாகும்.

ஏழாம் படி: பதிவு

ஹான்சனின் தொகுப்பு உருவானது ஸ்டாக்ஹோமை ஒட்டிய தீவு ஒன்றிலிருந்த கோடைக்கால வீட்டில். பெரிய ஸ்டுடியோ இல்லாமலும் நல்ல பதிவு கிடைக்கும் என்பதற்கு இதைச் சான்றாகக் கொள்ளலாம், அறையைத் தயார்செய்யத் தெரிந்திருந்தால்.

வீட்டிலேயே பதிவு செய்வதானால், புத்தக அலமாரியும் துணிமணியும் நிறைந்த, தெருவைப் பார்க்காத அறையைத் தேர்ந்தெடுங்கள். பாடுபவரின் பின்புறச் சுவரில் பஞ்சு மெத்தையைச் சாய்த்து வையுங்கள். மைக்குக்கு நேராக வரும் ஒலியைவிடச் சுவரில் பட்டுத் திரும்பும் ஒலியால்தான் வீட்டுப் பதிவுகள் பெரும்பாலும் கெடுகின்றன. மின்விசிறி, ஏசி, குளிர்பதனப்பெட்டி எல்லாம் நிறுத்தப்பட வேண்டும். அதிகாலை நான்கு மணி நம் ஊர்களில் மிகச் சிறந்த நேரம், பக்கத்துக் கோயிலில் ஒலிபெருக்கி இல்லாதவரை. பாடுபவரின் வாய்க்கும் மைக்குக்கும் ஒரு சாண் இடைவெளி இருக்கட்டும். 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸில் பதிவு செய்து, மிகச் சத்தமான இடத்திலும் அளவுமானி மைனஸ் ஆறு டெசிபலைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு அமர்வின் தொடக்கத்திலும் அறையின் வெறும் அமைதியை அரை நிமிடம் பதிவு செய்துகொண்டால், பின்னர் வெட்டி ஒட்டும் இடங்களை நிரப்ப அது உதவும்.

மூன்றாம் படியில் எழுதிய ஒலிப் பட்டியலைக் கையில் எடுத்துக்கொண்டு கதை நடக்கும் ஊருக்கே போய் வருவதும் இந்தக் கட்டத்தில்தான். ஆறு என்று கதையில் இருந்தால் எந்த ஆறு, எந்த மாதம் என்று பார்த்துப் பதிவு செய்யுங்கள். இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் ஆற்றொலியில் வேறு நாட்டுப் பறவை கூவும்.

எட்டாம் படி: ஒலிக்கலவையும் கதைசொல்லியின் குரலும்

கலவை செய்யும்போது அநேகமாக எல்லாருக்கும் ஓர் ஆசை எழும்: தொடக்கத்தில் கம்பீரமான குரலில் கதையின் சில வரிகளைச் சேர்த்தால் என்ன? பார்சன்ஸ் தொகுப்பில் இதற்கொரு நல்ல சோதனை தானாகவே நிகழ்ந்திருக்கிறது. அமெரிக்க நடிகரும் இயக்குநருமான ஆர்சன் வெல்ஸ் வாசித்த பகுதிகளின் நாடா, தொகுப்பு தயாராகிவிட்ட பிறகே வந்து சேர்ந்தது. அதனால் 1976 வெளியீட்டில் அவர் குரல் இல்லை, 1987இல் செய்த மறுகலவையில்தான் சேர்க்கப்பட்டது. இரண்டையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். வெல்ஸின் குரலே ஆனாலும், அது வந்தவுடன் நாம் இசையை விட்டுவிட்டுச் சொல்லைத் தொடர்கிறோம் என்றே எனக்குப் படுகிறது. மாற்றுக் கருத்துள்ளவர்கள் உண்டு. அதே தொகுப்பில் ‘அண்டங்காக்கை’ கவிதைக்காக வோகோடர் என்னும் மின்னணுக் கருவி வழியே குரலை உருமாற்றிய இடம், கதைக்கு வேண்டிய அச்சத்தை எந்த விளக்கமும் இல்லாமல் கொண்டுவந்துவிடுகிறது.

கலவை முடிந்ததும் கதைகளைப் படிக்காத ஒருவரிடம் கொடுத்துக் கேட்கச் சொல்லுங்கள். கதை புரிந்ததா என்று கேட்காதீர்கள். எந்த இடத்தில் கவனம் சிதறியது என்று மட்டும் கேட்டு, அந்த இடங்களைச் சுருக்குங்கள். வெளியீட்டுக்கு முன் ஒலியை இறுதியாகச் சீர்செய்யும் மாஸ்டரிங் வேலையைக் கலவை செய்தவரே செய்யாமல் புதிய காதுகளிடம் ஒப்படைப்பது நல்லது.

ஒன்பதாம் படி: வெளியீடும் சேமிப்பும்

இணையச் சேவைகளில் ஏற்றுவதற்கு விநியோகஸ்தர் ஒருவர் போதும். ஒவ்வொரு பாட்டுக்கும் தனி அடையாள எண்ணை அவரே பெற்றுத் தருவார். எழுத்தாளரின் பெயரை அட்டையில் எங்கே, எந்த அளவில் போடுவது என்பதை ஒப்பந்தத்தில் எழுதியபடியே செய்யுங்கள். அவர் பெயர் உங்கள் பெயரைவிடப் பெரிதாக இருந்தால், கேட்பவர் ஒலிப்புத்தகம் என்று நினைத்து ஏமாறுவார். சிறிய கையேடு ஒன்று, அச்சிலோ மின்வடிவிலோ, உடன் இருக்கட்டும்: எந்தப் பாட்டு எந்தக் கதையிலிருந்து வந்தது, பாடியவர் யார், கருவி எது என்பன மட்டும் போதும், பாட்டின் பொருளை விளக்கத் தேவையில்லை.

இத்தகைய தொகுப்புகள் வெளியான வாரத்தில் விற்பதில்லை. கேஷ் கேசட் மறுவெளியீடு காண 33 ஆண்டுகள் ஆயின. அவ்வளவு காலமும் மூலப்பதிவு எங்கோ ஒழுங்காக இருந்தாக வேண்டும். ஆகவே ஒவ்வொரு கருவியின் தனிப்பதிவையும், மென்பொருளின் சொந்த வடிவில் மட்டுமன்றிப் பொதுவான வேவ் கோப்புகளாகவும், பாட்டின் தொடக்க நொடியிலிருந்தே தொடங்குமாறு வெளியெடுத்து இரண்டு வன்தட்டுகளில் வெவ்வேறு வீடுகளில் வையுங்கள். அதே உறையில் வரிகளின் இறுதி வடிவம், சுருதி, தாள வேகம், பங்கேற்றோர் பட்டியல், எழுத்தாளர் அல்லது வாரிசு கையெழுத்திட்ட ஒப்பந்தத்தின் நகல் ஆகியவையும் இருக்க வேண்டும். வன்தட்டை ஆண்டுக்கு ஒருமுறையாவது கணினியில் இணைத்து ஓரிரு கோப்புகளைத் திறந்து பாருங்கள்.